சிரிப்புக்கு விட்ட இடம்

பாட்டு நடுவில் நின்றதும், ஒலிநாடா அறுந்துவிட்டது என்றுதான் படப்பிடிப்புத் தளத்தில் எல்லோரும் நினைத்தார்கள். மேலே விளக்குகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒலிப்பதிவு பார்க்கும் காத்தோ தன் இயந்திரத்தின் மேல் குனிந்தாள். நாடா அறுபடவில்லை. சக்கரங்கள் ஒழுங்காகத்தான் சுற்றிக்கொண்டிருந்தன.

பதறாமல் இருந்தவர்கள் இரண்டு பேர்தான். அட்டையில் வரைந்த ஏரிக்கு முன்னால், ஹோட்டல் சுமைதூக்கியின் சிவப்புத் தொப்பியோடு ஒஸ்கார் நின்றிருந்தான். அவன் பிடித்திருந்த பெரிய தோல்பெட்டியின் மேல், தந்தி அலுவலகப் பெண்ணின் நீலச் சீருடையில், கால்மேல் கால் போட்டு பிரோஷ்கா உட்கார்ந்திருந்தாள். இருவரும் கேமராவுக்குச் சற்று மேலே, ஆளே இல்லாத ஓர் இடத்தைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒலிபெருக்கியில் பாட்டு தானாகவே தொடர்ந்தது.

"நிறுத்துங்க" என்றார் இயக்குநர் கெலெமென். "காத்தோ, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை சார். பதிவே அப்படித்தான் இருக்கு."

"நடுவுல ஒண்ணுமே இல்லாமலா?"

"ஆமா. வயலின்காரங்க மூச்சு விடுறதுகூடக் கேக்குது."

ஒஸ்கார் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். தெரிந்த விஷயத்தை ஏன் கேட்கிறார்கள் என்கிற முகம். "அது சிரிப்புக்கு விட்ட இடம்" என்றான்.

"யாரு சிரிக்கிறதுக்கு?"

"ஜனங்க."

கெலெமென் திரும்பி, கேமராவையும் அதைத் தள்ளும் தண்டவாளத்தையும் தரையில் பாம்பாகக் கிடந்த மின்கம்பிகளையும் ஒருமுறை பார்த்தார். "இங்க ஜனங்க யாரும் இல்லையே, ஒஸ்கார்" என்றார் மெதுவாக.

பிரோஷ்கா பெட்டியிலிருந்து இறங்கினாள். அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது.

அவர்கள் படமாக்கிக்கொண்டிருந்தது ஓர் ஓபரெட்டா, பாட்டும் ஆட்டமுமாகப் போகும் வேடிக்கை நாடகம்; அது புடாபெஸ்ட் மேடையில் வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது. ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் நடக்கும் கதை. நொடித்துப்போன பிரபு ஒருவனும் பணக்காரச் சீமாட்டி ஒருத்தியும் நிலவில் படகேறி உருகிப் பாடுவார்கள். ஜனங்கள் அதை மரியாதையாகக் கேட்பார்கள். ஆனால் அவர்கள் டிக்கெட் வாங்குவது இரண்டாவது ஜோடிக்காக. எந்த ஓபரெட்டாவிலும் அப்படி ஒரு ஜோடி உண்டு. ஆடிக்கொண்டே அசடு வழிகிற ஒருவன், வாயாடிப் பெண் ஒருத்தி. இதில் அது சுமைதூக்கியும் தந்திக்காரியும். ஒஸ்காரும் பிரோஷ்காவும் வேடத்தோடேயே கல்யாணம் செய்துகொண்டார்கள் என்று நாடக அரங்கில் கேலி பேசுவார்கள். அது முழுப்பொய்யும் இல்லை. பதிவாளர் அலுவலகத்துக்கு அவர்கள் போய்வந்தது ஒரு மதியக் காட்சிக்கும் மாலைக் காட்சிக்கும் இடையில்தான். அவன் முகத்தில் பூச்சு இருந்தது.

பெட்டிப் பாட்டு என்றால் ஊருக்கே தெரியும். அவள் ஹோட்டலை விட்டுக் கிளம்புகிறாள். அவன் பெட்டியைத் தூக்குகிறான், கனக்கிறது. உள்ளே என்ன என்று கேட்கிறான். போன வருஷத்து மாப்பிள்ளை என்கிறாள். அங்கே ஒரு சிரிப்பு. அப்படியானால் இந்த வருஷத்து மாப்பிள்ளை எங்கே என்கிறான். பெட்டியைத் தூக்குறானே, அவன்தான் என்கிறாள். அங்கே பெரிய சிரிப்பு. மாடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கைப்பிடியைத் தட்டிச் சிரிப்பார்கள். ஒஸ்கார் அசையாமல் நிற்பான். வாத்தியக்குழுவை நடத்தும் ஃபுலொப் கோலை உயர்த்தியபடி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். சிரிப்பு ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கத் தொடங்கும். முழுக்க அடங்கிவிடக் கூடாது. பின்வரிசையில் யாரோ ஒருவர் மட்டும் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து, அவன் பாதிக் குரலில் கேட்பான்: அடுத்த வருஷம் எனக்கும் அதுல இடம் இருக்குமா?

சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே அமைதியாகிவிடும். சில பெண்கள் கைக்குட்டை எடுப்பார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் அத்தனை காத்திருப்பும்.

படத்துக்கான பாட்டை வானொலி நிலையத்தில் வைத்துப் பதிவு செய்தபோதும் அதே ஃபுலொப், அதே வாத்தியக்காரர்கள். அந்த இரண்டு இடங்களிலும் ஃபுலொப் கோலை உயர்த்தினார். ஒஸ்கார் காலி நாற்காலிகளைப் பார்த்து நின்றான். முப்பது பேர் சிரிப்பு அடங்கட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தார்கள். ஒருவருக்கும் அது விசித்திரமாகத் தோன்றவில்லை. அவர்களுக்கு அதுவும் பாட்டில் எழுதப்பட்டதுதான்.

ஒஸ்கார் இந்தப் படத்துக்குச் சம்மதித்ததற்கு ஒரே காரணம் இருந்தது. அதை அவன் ஒளிக்கவும் இல்லை. "இந்த ஊர்ல என் கால் ஆடுறதைப் பார்க்காத ஆள் நான் ஒருத்தன்தான் பிரி" என்பான் பிரோஷ்காவிடம். "எல்லாரும் நல்லா இருக்குங்கிறாங்க. நான் எப்படி நம்புறது?" கண்ணாடிக்கு முன்னால் ஆடிப் பார்த்தால், கண்ணாடியைப் பார்க்கிற ஒருவன்தான் தெரிவானாம். வண்ணத் திரையில், அந்தப் பெட்டியோடு, தான் ஆடுவதை ஒருமுறை நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

கெலெமென் கோபப்படும் மனிதர் அல்ல. கோபப்பட்டிருந்தால் பிரோஷ்காவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சரி, அந்த இடைவெளியோடயே ஒரு தடவை எடுத்துப் பார்ப்போம்" என்றார் அவர். "பாட்டு ஏற்கெனவே பதிவு பண்ணியாச்சு, இங்க சத்தம் போட்டா பரவாயில்லை. நீங்கல்லாம் அந்த இடத்துல சிரிங்க."

விளக்குக்காரர்கள் சிரித்தார்கள். முதலில் உத்தரவுக்குச் சிரித்தார்கள். இரண்டாவது இடத்தில் ஒஸ்கார் பெட்டியைப் பார்த்துவிட்டு மேலே அவர்களைப் பார்த்ததும் நிஜமாகவே சிரித்தார்கள். படத்தில் ஹோட்டல் பணியாளாக வரும் பாலிந்த் என்ற இளைஞன் வாயில் விரலை வைத்து விசிலடித்தான். ஒஸ்காரின் கால்கள் தரையைத் தொட்டதாகவே தெரியவில்லை. பாட்டு முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள்.

"ஒஸ்கார் மாமா, இந்தக் காலை எங்க வாங்கினீங்க?" என்றான் பாலிந்த்.

"சந்தையில. ஜோடியா வாங்கினா மலிவு."

மறுநாள் எடுத்ததைப் போட்டுப் பார்த்தார்கள். சின்ன அறை, எட்டுப் பத்து நாற்காலிகள். ஒஸ்கார் முன்வரிசையில் கையைத் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, பல் மருத்துவரிடம் வந்தவன்போல உட்கார்ந்தான். வெளிச்சம் வந்தது. ஏரி நீலமாக இருந்தது. சிவப்புத் தொப்பி ஆடிக்கொண்டு உள்ளே வந்தது. அவன் வாயைத் திறந்தபடி பார்த்தான். பிரோஷ்கா திரையைப் பார்க்கவில்லை, அவனையே பார்த்தாள். நல்லாத்தான் இருக்கு என்று அவன் உதடு அசைந்தது.

பிறகு அந்த இடம் வந்தது. அவளும் திரைக்குத் திரும்பினாள். சிரிப்பு இல்லை. திரையில் ஒரு மனிதன் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, தலையை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்து நின்றான். பின்னால் ஏரி அசையவில்லை. அவன் புன்னகைத்தான். இன்னும் நின்றான். பக்கத்தில் ஒரு பெண்ணும் புன்னகைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே தாழ்வாரத்தில் யாரோ நடந்துபோகும் சத்தம் கேட்டது.

"வசனம் மறந்துட்டாரா?" என்றான் படம் ஓட்டுபவன், தன் அறைக்குள்ளிருந்து, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல்.



"எவ்வளவு நேரமா நிக்கிறான்" என்றான் ஒஸ்கார். "யாருக்காக நிக்கிறான்?"

அன்றே காத்தோ கத்தரிக்கோலை எடுத்து நாடாவில் அந்த இரண்டு இடங்களையும் வெட்டி, முனைகளை ஒட்டினாள். பாட்டு இப்போது மூச்சுவிடாமல் ஓடியது. ஒஸ்காரால் அதைப் பிடிக்க முடியவில்லை. அவன் நிற்காமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் ஆடினான். அந்த இடம் வந்ததும் கால் நின்றுவிடும், நெஞ்சு காற்றை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், ஒலிபெருக்கியிலிருந்து அவன் குரல் அவனை விட்டுவிட்டு முன்னால் போய்விடும். சாத்தும்போது விரல் நசுங்கிய கதவையே திரும்பத் திரும்பச் சாத்துபவன்போல, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் முகம் சுருங்கினான்.

பிரோஷ்காவும் ஒவ்வொரு முறையும் அவனோடு தாமதித்தாள்.

சாப்பாட்டு இடைவேளையில் கெலெமென் அவளை அட்டை ஏரிக்குப் பின்பக்கம் கூப்பிட்டார். அங்கே வெறும் மரச்சட்டங்களும் ஆணிகளும்தான்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் கொடுக்க முடியும்" என்றார். "அதுக்கு மேல தளம் வேற படத்துக்குப் போயிடும். அதுக்குள்ள அவருக்கு வரலைன்னா பாலிந்த் அந்தத் தொப்பியைப் போட்டுக்குவான். அவனுக்கு ஆட்டம் தெரியும். குரல் ஒஸ்காரோடதுதான் இருக்கும். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே."

"தெரியும்." அவர் கொஞ்சம் தயங்கினார். "இன்னொண்ணு. நீங்க வேணும்னே தப்புப் பண்றீங்க. நாடா வெட்டின முதல் தடவையே உங்களுக்கு வந்துடுச்சு. உங்க காலு கிளம்பிப் போயி, அவரைப் பார்த்துட்டுத் திரும்பி வந்துச்சு. நான் பார்த்தேன்."

அவள் மரச்சட்டத்தில் ஒட்டியிருந்த நீலச்சாயத்தை நகத்தால் சுரண்டினாள். அது அவளுக்கும் திகைப்பாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் அவளும்தான் அவனோடு நின்றாள். ஆனால் அவள் நின்றது அவனுக்காக. அவன் நின்றது கூட்டத்துக்காக. அவனைப் பார்க்காமல் இருந்தால் போதும், அவளுக்கு வந்துவிடும்.

டிராமில் வீடு திரும்பும்போது ஒஸ்கார் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தான். பாலத்தின் மேல் வண்டி ஏறியதும் கேட்டான்: "எனக்குப் பதிலா பாலிந்த்தா?"

"ம்."

"நல்ல கால்தான்." டான்யூப்பில் ஒரு சரக்குப் படகு போய்க்கொண்டிருந்தது. "என் குரலுக்கு வாயசைப்பானா?"

"ம்."

"அப்ப நீ அவனைப் பார்த்துத்தான் இந்த வருஷத்து மாப்பிள்ளைன்னு பாடுவே."

"நான் பாட மாட்டேன். வாயசைப்பேன்."

அவன் சிரித்தான். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் அவனை அடையாளம் கண்டுகொண்டு தன் மகளை முழங்கையால் இடித்தாள். ஒஸ்கார் பழக்கத்தால் தொப்பியைத் தொட்டு வணங்கினான். பிறகு பிரோஷ்காவின் பக்கம் குனிந்து, "என்னோட இந்தப் பழக்கத்தை மாத்திடு பிரி" என்றான். "உன்னாலதான் முடியும். நான் நிக்கிற இடம் உனக்குத்தான் தெரியும்."

"நிக்கிறது கெட்ட பழக்கம் இல்லையே, ஒஸ்கார்."

"நீ அந்தப் படத்தைப் பார்த்தேல்ல?"

அவள் பார்த்திருந்தாள்.

காத்தோ சின்ன ஒலிப்பதிவுப் பெட்டி ஒன்றைக் கடனாகக் கொடுத்தாள். அதைச் சமையலறை மேசையில், மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அலமாரி மேலிருந்த பயணப் பெட்டி தோல்பெட்டியாயிற்று. பாட்டு அந்த இடத்துக்கு வந்ததும் அவன் நிற்பான்; அவள் அவன் காலை மிதிப்பாள். அவன் "ஐயோ" என்பான். மறுபடி முதலிலிருந்து.

அன்று சாயங்காலம் இருவருக்கும் நாடகம் இல்லை. கீழ் வீட்டு ரோஜி அத்தை மாடியேறி வந்து கதவைத் தட்டினாள்.

"கைக்கு முத்தம் அத்தை, உள்ள வாங்க" என்று அந்த ஊர் வழக்கப்படி வணங்கினான் ஒஸ்கார், நொண்டிக்கொண்டே.

"நான் வரலை. என் சரவிளக்கு ஆடுது. கல்யாணமா, சண்டையா?"

"படம் எடுக்கிறாங்க அத்தை. அதுக்குத்தான் பழகுறோம்."

"எடுக்கட்டும். ஆனா ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல ஐயோங்கிறியே, அதுவும் படத்துல வருமா?"

மிதிப்பதால் பலன் இல்லை. மிதி வரும் என்று தெரிந்து, அவன் அதற்காகவும் காத்திருக்கத் தொடங்கினான். மறுநாள் பிரோஷ்கா அவன் காலைப் பார்ப்பதை விட்டுவிட்டு மார்பைப் பார்த்தாள். நிற்பது காலில் தொடங்கவில்லை. அந்த இடத்துக்குச் சற்று முன்பே அவன் காற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்கிறான். கதவுக்குப் பின்னால் பேச்சுச் சத்தம் கேட்டால் நாம் மூச்சைப் பிடிப்போமே, அதுபோல. மூச்சு நின்றதும் கால் நிற்கிறது. கால் நின்றதும் காது திறக்கிறது.

"இழுக்காதே" என்றாள். "அங்க மூச்சை வெளிய விடு. விட்டுக்கிட்டே அடுத்த வரிக்குள்ள போயிடு."

"விட்டா எதுவும் கேக்காதே."

"கேக்க வேண்டாம்."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு பெட்டியை எடுத்தான்.

வியாழக்கிழமை மதியம் அது வந்தது. அவன் மூச்சை விட்டான், கால் நகர்ந்தது, உதடு குரலோடு சேர்ந்து போயிற்று. மறுபடி போட்டார்கள். மறுபடியும் வந்தது. அவன் பெட்டியைக் கீழே போட்டுவிட்டு அவளைத் தூக்கிச் சுற்றினான். மேசை விளிம்பில் அவள் முழங்கால் இடித்தது. அவள் சிரித்தாள். ஆனால் கடைசிப் படி முடிந்துவிட்டது தெரியாமல் இன்னொரு படிக்குக் கால் வைத்ததுபோல இருந்தது. ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை முதல் முறையிலேயே காட்சி சரியாக அமைந்தது. கெலெமென் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து ஒஸ்காரின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். "பாதரசம் மாதிரி ஓடுது" என்றார். பாலிந்த் தொப்பி கேட்பதுபோலக் கையை நீட்டினான். ஒஸ்கார் அந்தக் கையில், ரொட்டியோடு தின்ன வந்திருந்த ஒரு பச்சை வெங்காயத்தை வைத்தான். எல்லோரும் பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டியைத் தின்றுகொண்டு, சோடா கலந்த ஒயினைக் குடித்தார்கள். ஒஸ்கார் மூன்று பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டான்.

அன்று மாலை நாடகம் இருந்தது. அரங்கு நிறைந்திருந்தது. பெட்டிப் பாட்டுக்கு இருவரும் மேடைக்கு வந்ததுமே கைதட்டல்.

முதல் சிரிப்பு வந்தது. ஒஸ்கார் நிற்காமல் அதன் மேலேயே நடந்துபோனான்.

பிரோஷ்கா அவன் கையை இறுக்கினாள். அவன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அவளைப் பார்த்துக் கண்ணடித்தான். ஃபுலொப் உயர்த்திய கோலை அவசரமாகக் கீழே இறக்கினார். வயலின்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு வந்து சேர்ந்தன. இரண்டாவது இடம். பெட்டியைத் தூக்குறானே, அவன்தான் என்றாள் அவள். சொன்ன பிறகு அவள் நின்றாள். முழு உடம்பாலும் நின்றாள். கூட்டம் வெடித்தது. ஒஸ்கார் மூச்சை விட்டுக்கொண்டே அடுத்த வரிக்குள் போய்விட்டான். அவன் உதடு அசைவது அவளுக்குத் தெரிந்தது. சொன்னது பக்கத்தில் நின்ற அவளுக்கே கேட்கவில்லை. எதையோ தவறவிட்டோம் என்று புரிந்து, கூட்டம் சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டது. வகுப்பில் ஆசிரியர் பார்த்ததும் வாயைப் பொத்துகிற பிள்ளைகள்போல. அதற்குள் பாட்டு முடிந்திருந்தது.

பக்கத்திரைக்குப் பின்னால் அவன் துண்டால் கழுத்தைத் துடைத்தான். "என்ன, இன்னிக்கு ஒரு மாதிரி இருந்தாங்க?"

"நீ நிக்கலை."

"நின்னேனே."

"நிக்கலை, ஒஸ்கார்."

ஃபுலொப் இடைவேளையில் மேலே வந்தார். வயதானவர், படியேறி மூச்சிரைத்தது. "ஏம்ப்பா, ஏதாவது டிராமைப் பிடிக்கணுமா?" என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். ஒஸ்கார் சிரிக்கவில்லை என்றதும் அவனுடைய தோளைத் தட்டிவிட்டு இறங்கிப்போனார்.

அடுத்த காட்சியில் ஒஸ்கார் நின்றான். மனசுக்குள் எண்ணிக்கொண்டு நின்றான். சிரிப்பு அடங்கி, முழுக்க அடங்கி, யாரோ இருமிய பிறகும் எண்ணிக்கொண்டிருந்தான். அதற்கடுத்த காட்சியில் குறைவாக எண்ணினான்; சீக்கிரம் முடிந்தது. ஒவ்வொரு நாளும் கூட்டம் வேறு, சிரிப்பின் நீளம் வேறு. எண்ணுகிறவனுக்கு அது கேட்காது.

"என்னைப் பழையபடி மாத்து" என்றான் அவளிடம்.

அவள் முயன்றாள். மறுபடியும் சமையலறை, மறுபடியும் பயணப் பெட்டி. மூச்சை இழுத்துப் பிடி என்றாள். பிடித்தான். பிடித்த பிறகு கேட்பதற்கு அங்கே என்ன இருந்தது? குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவளே சிரித்துப் பார்த்தாள். இந்தப் பெண்ணின் சிரிப்பு இப்படித்தான் ஏறும், இப்படித்தான் இறங்கும் என்று அவனுக்கு மனப்பாடம். கடைசியில் ரோஜி அத்தையைக் கூப்பிட்டார்கள். அவள் ஒரு தட்டு நிறைய உப்பு ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு, நல்ல உடை போட்டுக்கொண்டு வந்தாள். மேசையோரம் உட்கார்ந்து, உதவி செய்ய வேண்டும் என்ற ஆசையில், அவன் தொப்பியைப் போட்டபோதே சிரிக்கத் தொடங்கிவிட்டாள். நிறுத்த முடியவில்லை. "போதுமா? இன்னும் சிரிக்கட்டுமா?" என்று நடுநடுவே கேட்டாள்.

"போதும் அத்தை" என்றான் ஒஸ்கார். "ரொம்ப உதவியா இருந்துச்சு."

அவள் போன பிறகு அவன் நாற்காலியில் உட்கார்ந்து உப்பு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். பிரோஷ்கா குழாயை இறுக்கி மூடினாள். அது சொட்டிக்கொண்டுதான் இருந்தது. ஒருவனிடமிருந்து ஒன்றை எடுத்துவிட அவளுக்கு மூன்று நாள் போதுமாக இருந்தது. எடுத்ததை எங்கே வைத்தாள் என்றுதான் தெரியவில்லை.

நாடகம் நின்றுவிடவில்லை. ஜனங்கள் வந்தார்கள், சிரித்தார்கள், தாளம் போட்டுக் கைதட்டினார்கள், இன்னொரு முறை ஆடச் சொன்னார்கள். ஒஸ்காரின் கால்கள் முன்புபோலவே தரையைத் தொடாமல் ஓடின. அந்த வரியில் கூட்டம் அமைதியாவது மட்டும் போய்விட்டது. அதைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. முன்பு வந்து பார்க்காதவர்களுக்கு அங்கே ஏதோ இருந்தது என்பதே தெரியாது.

வசந்த காலத்தில் படம் வெளிவந்தது. திறப்புக் காட்சிக்குப் போக அவர்களுக்கு நாடகம் இடம் கொடுக்கவில்லை. அடுத்த வாரம், ஒரு சாதாரண மதியக் காட்சிக்கு, வட்டச்சாலையில் இருக்கும் சினிமாவுக்குப் போனார்கள். ஒஸ்கார் டிக்கெட் வாங்கினான். யாரும் அடையாளம் காணாதபடி கழுத்துத் துணியை மூக்குவரை சுற்றிக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்தான்.

படம் நன்றாக இருந்தது. பிரோஷ்கா அதற்குத் தயாராக இல்லை. அட்டை ஏரி திரையில் ஏரியாகவே இருந்தது. அதன் மேல் எங்கிருந்தோ வெயில் விழுந்தது. ஹோட்டல் படிக்கட்டு வெண்ணெய்போல மின்னியது. பின்னால் வெறும் மரச்சட்டம் என்று தெரிந்திருந்தும் அவளுக்கு அந்த ஊரில் போய் ஒரு வாரம் தங்க வேண்டும்போல இருந்தது. வேலையிலிருந்து நேராக வந்திருந்தவர்கள் மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல், வாயில் புன்னகையோடு உட்கார்ந்திருந்தார்கள். சீமாட்டி பாடும்போது முன்வரிசையில் ஒரு கிழவர் தலையாட்டினார்.

சிவப்புத் தொப்பி வந்தது. ஒஸ்கார் மூக்கிலிருந்து துணியை இறக்கினான்.

திரையில் அவன் ஆடினான். அவ்வளவு பெரிய பெட்டியோடு அவ்வளவு லேசாக ஒருவன் ஆட முடியும் என்று அவனே நம்பாததுபோல, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் மெல்ல முன்னால் சாய்ந்தான். "பிரி" என்றான். "நிஜமாவே நல்லாத்தான் இருக்கு."

"அதைத்தானே இவ்வளவு நாளா சொன்னோம்."

"நீங்கல்லாம் பொய் சொல்றீங்கன்னு நினைச்சேன்."

முதல் சிரிப்பு வந்தது. பெரிய சினிமா அரங்கு. நாடக அரங்கைவிட மூன்று பங்கு ஜனம். திரையில் இருந்தவன் நிற்காமல் ஓடினான். ஒன்றிரண்டு சொல் மூழ்கியது, பரவாயில்லை, மறுபடி மேலே வந்தது. ஒஸ்காரின் விரல்கள் முன் நாற்காலியின் முதுகைப் பிடித்தன. பிரோஷ்காவுக்கு அவன் மூச்சு இழுப்பது கேட்டது.

திரையில் அந்தப் பெண் கால்மேல் கால் போட்டுக்கொண்டு சொன்னாள். அரங்கு முழுவதும் சிரித்தது. மழைக்கோட்டுகள் குலுங்கின. சிரிப்பு ஏறியது, ஏறிக்கொண்டேயிருந்தது.

"நில்லு" என்றான் ஒஸ்கார்.

திரையில் இருந்தவன் நிற்கவில்லை.

"நில்லுடா. கொஞ்சம் நில்லு."

சிவப்புத் தொப்பிக்குக் கீழே உதடு அசைந்தது. கண் அந்தப் பெண்ணைப் பார்த்தது. என்ன கேட்டான் என்று அந்த அரங்கில் ஒருவருக்கும் தெரியாது. சிரிப்பு உச்சிக்குப் போய்த் திரும்புவதற்குள் இருவரும் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓரமாக ஆடி மறைந்துவிட்டார்கள். அடுத்த காட்சியில், பிரபுவின் படகுக்கு மேல் நிலவு ஏறியது.

முன்னால் உட்கார்ந்திருந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு தோழியிடம் கேட்டாள்: "கடைசியா என்னடி சொன்னான்?"

"எங்க கேட்டுச்சு. ஏதோ சொன்னான்."

ஒஸ்கார் எழுந்து பாதி குனிந்தான். பிரோஷ்கா அவன் கோட்டைப் பிடித்தாள், பிடித்தது போதவில்லை. அவன் அந்தப் பெண்ணின் காதருகே, பாதிக் குரலில், ஒரு சொல்லும் விடாமல் சொன்னான்: "அடுத்த வருஷம் எனக்கும் அதுல இடம் இருக்குமா?"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். கழுத்தில் துணி சுற்றிய, கலைந்த தலையோடு நடுத்தர வயது ஆள் ஒருவன். "உங்க பொண்டாட்டிதானே பக்கத்துல உட்கார்ந்திருக்காங்க?" என்றாள். பையையும் குடையையும் எடுத்துக்கொண்டாள். தோழிகள் இருவரும் நான்கு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்து, ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள்.

"மன்னிக்கணும்" என்றான் ஒஸ்கார், அவர்கள் போன பிறகு.

பிரோஷ்கா அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இறுக்கவில்லை, வைத்திருந்தாள், அவ்வளவுதான். மீதிப் படத்தை இருவரும் பார்த்தார்கள். பிரபுவுக்குச் சொத்து திரும்பக் கிடைத்தது, எல்லோருக்கும் கல்யாணம் ஆயிற்று. விளக்கு எரிந்தது. ஜனங்கள் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வெளியே போனார்கள். சீட்டைக் கிழிக்கும் அம்மாள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். வெளியே அடுத்த காட்சிக்கான வரிசை.

ஒஸ்கார் எழுந்திருக்கவில்லை.

"அடுத்த காட்சிக்கும் இருப்போமா?" என்றான். "இந்தத் தடவை கொஞ்சம் கம்மியாச் சிரிச்சாலும் சிரிப்பாங்க."